வகுப்பு முடிந்தபிறகு எங்கே இருப்பார்கள் என்று பாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டில் பேச்செல்லாம் கட்-ஆஃப், பாடம், ஃபீஸ், அப்புறம் வேலை. எல்லாம் தேவைதான். ஆனால் மூன்று வருஷம் யாரோடு பழகப்போகிறோம், வகுப்பு முடிந்தால் எங்கே உட்காரப்போகிறோம் என்பதும் அதே அளவுக்குத் தேவை என்பது என் கட்சி. சென்னையில் கலை அறிவியல் படிக்க வருகிறவர்களுக்கு ரொம்பவே தேவை. எம்.சி.சி. என்கிற சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, லயோலா, மாநிலக் கல்லூரி மூன்றும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்த தன்னாட்சிக் கல்லூரிகள்தான், ஆனால் உள்ளே போனால் மூன்றும் மூன்று உலகம்.

எம்.சி.சி. 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. 365 ஏக்கர், பாதிக்கு மேல் மரம், சில நேரம் புள்ளிமான் பாதையைக் கடந்து போகும். அங்கே எல்லாம் ஹால்தான். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று தங்குகிற இடத்தை வைத்தே ஆளை அடையாளம் சொல்வார்கள். வெளியூரிலிருந்து தனியாக வருகிற பிள்ளைக்கு, ஹாலில் இடம் கிடைத்தால், இதைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் இல்லை என்பேன். தினமும் மின்சார ரயிலில் வந்துபோகிறவருக்கு அதே கல்லூரி பாதிதான் கிடைக்கும், கடைசி வகுப்பு முடிந்ததும் ரயில் நேரம்தான் கண்ணில் நிற்கும்.

லயோலா நகரத்தின் நடுவில். நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். சாயங்காலம் நண்பர்களோடு தி.நகரோ கடற்கரையோ எங்கே வேண்டுமானாலும் கிளம்பலாம், அதனால் நட்பு கேட்டுக்கு வெளியேயும் வளரும்.

மாநிலக் கல்லூரியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, அதில் எனக்கு வருத்தம் உண்டு. 1840-இல் தொடங்கியது, சிவப்புக் கட்டடம், எதிரே மெரினா, அரசுக் கட்டணம். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள் நிறைய. காது கேளாத மாணவர்களுக்கென்றே அங்கே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. மரத்தடியில் நாலைந்து பேர் கைகளாலேயே காரசாரமாக வாதம் பண்ணிக்கொண்டிருப்பார்கள், நடுவில் ஒருவர் தோளைத் தட்டித் தன் முறையைக் கேட்பார். எத்தனை கல்லூரிகளில் இதைப் பார்க்க முடியும்?

சரி, இதையெல்லாம்விட வாழ்க்கையை மாற்றுகிற ஒன்று ஷிஃப்ட். நகரத்தின் பல கல்லூரிகளில் காலையில் ஒரு கூட்டம், மதியத்துக்கு மேல் இன்னொரு கூட்டம். மதிய ஷிஃப்டில் சேர்ந்தவர் வெளியே வரும்போது இருட்டத் தொடங்கியிருக்கும், காலை ஷிஃப்ட் நண்பனைப் பார்ப்பதே அபூர்வம். என்.சி.சி., நாடகக் குழு, விளையாட்டுப் பயிற்சி எந்த நேரத்தில் நடக்கிறது, அது உங்கள் ஷிஃப்டோடு மோதுமா என்று ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கல்ச்சுரல்ஸ் நடக்கிற நாளில் போய்ப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், அன்றைக்கு எல்லாக் கல்லூரியும் அழகு. சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் போய் கேன்டீன் பக்கம் ஒரு டீ சாப்பிடுங்கள். இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால், வகுப்பு முடிந்ததும் என்ன செய்வீர்கள், ஹாஸ்டலில் முதல் வருஷத்துக்கு இடம் கிடைக்குமா, வெளியே ரூம் எடுத்தால் வாடகை என்ன ஆகும் என்று கேளுங்கள். அப்பா அம்மா கொஞ்சம் தள்ளி நின்றால் இன்னும் வெளிப்படையாகச் சொல்வார்கள்.