ஏலகிரிக் குளிருக்கு மார்கழி வேண்டாம், தையில் போங்கள்

டிசம்பர் விடுமுறையில் ஏலகிரி ஏறிவிட்டு "குளிரே இல்லை" என்று புலம்பிக்கொண்டு இறங்குகிறார்கள். மலை மேல் தப்பில்லை, தேதிதான் தப்பு. அப்போது வடகிழக்குப் பருவமழை மேகம் முழுசாக விலகியிருக்காது. ராத்திரியில் வானம் மூடியிருந்தால் தரையின் சூடு வெளியேறாது. பொங்கல் கழிந்து வானம் தெளிந்தால்தான் அசல் குளிர். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! எதிரே ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் விட்டக் கண்ணாடித் தொலைநோக்கிக்கும் இதுதான் நல்ல சீசன்.

கீழே சமவெளியில் வேலூரின் உயரம் 200 மீட்டருக்குச் சற்று மேல், ஏலகிரி சுமார் 1,100. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால் மேலே ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும். இன்னும் வேண்டுமா? பள்ளத்துக்குப் போங்கள். காற்று அசையாத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து தாழ்வான வயல்களில் தேங்கும். வியூ பாயிண்ட் மேட்டில் அந்தக் குளிர் கிடைக்காது. புங்கனூர் ஏரித் தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் விடியலில் ஆவி எழும்பும். பார்க்கவே அவ்வளவு அழகு!

வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்குவது நடுராத்திரியில் இல்லை, சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டி. பகல் குறுகியது டிசம்பர் 21 அல்லது 22. ஆனால் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி பிற்பாதியில், ஏலகிரியில் ஏறக்குறைய 6.40க்கு. கையில் சென்னைக் காலண்டர் இருந்தால் அதிலுள்ள உதய நேரத்தோடு ஆறேழு நிமிஷம் கூட்டுங்கள். தீர்க்கரேகை ஒரு டிகிரி மேற்கே போனால் நாலு நிமிஷம் தள்ளும்.

செல்போன் காட்டும் டிகிரியை நம்பவே நம்பாதீர்கள். அது கணிப்பு எண், மலையையும் அடிவாரத்தையும் சேர்த்துச் சராசரி போட்டிருக்கும். ஒரு சின்ன தெர்மாமீட்டர் போதும். நாலடி உயரத்தில், சுவரை ஒட்டாமல், மேலே மறைப்பு இருக்கிற இடத்தில் கட்டித் தொங்கவிட்டு கால்மணி கழித்துப் பாருங்கள். திறந்த வெளியில் வைத்தால் தன் சூட்டை வானத்துக்கு இழந்து, குறைத்துக் காட்டும். கையில் பிடித்தால் உடம்புச் சூடு ஏறும்.

விடியலில் ஏரிக்கரையில் நிற்க முதல்நாளே தங்கியாக வேண்டும், செலவு அங்கேதான். சனி ஞாயிறு வாடகை அநியாயம், வாரநாளில் போங்கள். வெந்நீருக்குத் தனிக் காசு கேட்கிற விடுதியும் உண்டு, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஜோலார்பேட்டையில் இறங்கியதும் "முழு வண்டியையும் வாடகைக்கு எடுங்கள்" என்று வண்டிக்காரர்கள் மடக்குவார்கள். அசையாமல் பஸ்ஸுக்கு நில்லுங்கள், 14 கொண்டை ஊசி வளைவும் அதே டிக்கெட்டில் அடக்கம்.