கம்பளி பின்னும் பெடியள்

ஜேர்மனியில் மச்சாளின் மகன் படிப்பது வால்டோர்ஃப் பள்ளிக்கூடத்தில். அவன்ர கொப்பியைப் பார்த்தால் ஆசை வருகிறது. பக்கம் முழுக்க மெழுகுக் கட்டியால் தீட்டிய படம், பக்கத்தில் அவனே எழுதிய பாடம். அதுதான் அவனுக்குப் பாடப்புத்தகமும். காலையில் முதல் இரண்டு மணித்தியாலம் ஒரே பாடம்தான், மூன்று நான்கு கிழமைக்கு அதுவே ஓடும். பெடியளும் கம்பளி பின்ன வேண்டும்!

1919இல் ஸ்ருட்கார்ட்டில் ஒரு சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முறை இது. முதலாளி எமில் மோல்ற் கேட்க, தத்துவவாதி ருடோல்ஃப் ஸ்ரைனர் வகுத்துக் கொடுத்தார். (ஸ்ரைனரின் ஆன்மீகக் கதைகள் எனக்கு ஒத்துவராது, அது வேற.) இன்று பல நாடுகளில் அது காசுள்ளவர்களின் தனியார் பள்ளிக்கூடமாகிவிட்டது என்பதுதான் கடுப்பு.

இங்கே கிளிநொச்சியில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதென்றால் சித்திரக் கொப்பியை மூடிவிட்டு ரியூசனுக்கு ஓட வேண்டியதுதான். வால்டோர்ஃபில் அந்த வயதில் பரீட்சைப் பேச்சே இல்லை.

ஆனால் கலையோடு படிப்பது எங்களுக்கு என்ன புதிதா? முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பழகும் பிள்ளைக்குத் தாளத்தோடு கணக்கும், பாட்டோடு தமிழும் வரும். அம்மம்மா பாய் பின்னுகையில் கையைப் பாருங்கள்: ஓர் ஓலை மேலே, ஓர் ஓலை கீழே, மூலை திரும்பும்போது மட்டும் வாய் முணுமுணுத்து எண்ணும்.

அதிபர்மார் யாராவது வாசித்தால், தவணைப் பரீட்சை முடிந்த கிழமையிலாவது ஓலை பின்ன ஒரு பாடம் வையுங்கோ. அம்மம்மாமார் சம்பளம் கேட்க மாட்டினம், பிளேன்ரீ போதும்.