கத்தரி வைக்கும் முன்: துணிக் குறிப்புகள்

ஜூலை 14, திங்கள்

ஆடித் தள்ளுபடிப் பலகைகள் தொங்கத் தொடங்கிவிட்டன. தையல் பழக ஆரம்பித்தவர்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று கட் பீஸ்களை அள்ளும் காலம் இது. அள்ளும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். என்ன நார்? நெய்ததா, பின்னியதா? மேலே என்ன ஏற்றியிருக்கிறார்கள், கஞ்சியா, சாயமா?

கடைக்காரர் சொல்லும் பெயர் பெரும்பாலும் இதில் ஒன்றுக்குத்தான் பதில். பருத்தி, பட்டு, ரேயான், பாலியெஸ்டர் எல்லாம் நார். பாப்ளின், சாட்டின், ஜார்ஜெட் என்பவை துணி உருவான விதம். பட்டிலும் ஜார்ஜெட் உண்டு, பாலியெஸ்டரிலும் உண்டு. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அயர்ன் பெட்டியைச் சூடாக வைத்தால் பாலியெஸ்டர் மட்டும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கடையில் நின்றபடியே செய்யக்கூடியவை: ஒரு மூலையைக் கைக்குள் பத்து விநாடி கசக்கி விடுங்கள். பருத்தி, லினன், ரேயான் சுருக்கத்தோடு நிற்கும், பாலியெஸ்டர் நிமிர்ந்துவிடும். துணியைத் துணியோடு தேய்த்து வெள்ளைப் பொடி உதிர்ந்தால் கஞ்சி அதிகம். முதல் துவைப்பிலேயே விறைப்பு போய்க் கொசுவலை மாதிரி ஆகிவிடும். அடுத்து, இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து அழுத்தி இழுங்கள். நூல்கள் விலகி இடைவெளி தெரிந்தால், தைத்த பிறகு அக்குளிலும் முதுகிலும் தையல் ஓரமாகவே துணி விட்டுக்கொடுக்கும். எவ்வளவு பலமான நூல் போட்டாலும் இதற்கு மருந்து இல்லை. அந்தத் துணியை விட்டுவிடுங்கள்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று திசை மட்டும். கரைக்கு (துணியின் நீளவாக்கு விளிம்பு) இணையாக ஓடுவது பாவு நூல்; கரையிலிருந்து கரைக்கு ஓடுவது ஊடை நூல். தறியில் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் பாவு வாக்கில் துணி நீளாது. ஊடை வாக்கில் கொஞ்சம் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே 45 டிகிரியில் இழுத்தால் நன்றாகவே நீளும். அதுதான் டெய்லர்கள் சொல்லும் கிராஸ். கிராஸ் கட் பிளவுஸ் உடம்பில் படிந்து உட்காருவதற்கும், கழுத்து வளைவில் பைப்பிங் (ஓரத்தில் வைத்துத் தைக்கும் பட்டை) சுருக்கமில்லாமல் திரும்புவதற்கும் இதுவே காரணம்.

பைப்பிங் பட்டை ஒன்றேகால் அங்குல அகலம் போதும். 40 செ.மீ. சதுரத் துண்டைக் கிராஸில் வெட்டினால் இணைப்புகள் போக ஏறத்தாழ நாலரை மீட்டர் பட்டை வரும்.

கடையில் துணியைக் கிழித்தோ கத்தரியால் ஏனோதானோவென்றோ வெட்டித் தருவார்கள். வெட்டிய ஓரத்தை நேர் என்று நம்பக் கூடாது. கரையில் ஒரு செ.மீ. வெட்டுப்போட்டு, ஊடை நூல் ஒன்றைப் பிடித்து மெதுவாக உருவுங்கள். உருவிய இடத்தில் தெரியும் கோடுதான் உண்மையான குறுக்கு; அதன்மேல் வெட்டுங்கள். பிறகு கரையோடு கரை சேர்த்து மடியுங்கள். மூலைகள் பொருந்தவில்லையென்றால் துணியை ஈரப்படுத்தி, குறையும் மூலையைக் கிராஸாக இழுத்துச் சரிசெய்யலாம். ஆனால் பிரிண்டே கோணலாக விழுந்திருந்தால் எதுவும் செய்ய முடியாது. நூலைப் பார்த்து வெட்டினால் பூ சாயும், பூவைப் பார்த்து வெட்டினால் உடை முறுக்கிக்கொள்ளும். கட்டம் போட்ட பிரிண்ட் வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஜூலை 18, வெள்ளி

நனைப்பது. சோம்பல் படாமல் செய்தே ஆகவேண்டிய வேலை.

தறியிலும் அதற்குப் பிறகு ஆலையிலும் நூலை இழுத்தே வைத்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் அது தளர்ந்து பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். ரேயான் அதைவிட அதிகமும் சுருங்கும். எவ்வளவு என்று அறிய, துணியில் 50 செ.மீ. சதுரம் குறித்துத் துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். ஒரு செ.மீ. குறைந்தால் 2 சதவீதம். 44 அங்குலக் குர்தி 4 சதவீதம் சுருங்கினால் ஒன்றேமுக்கால் அங்குலம் போய்விடும். நீளம் மட்டும் இல்லை, மார்புச் சுற்றும் பிடிக்கும்.

சாதாத் தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே அயர்ன் செய்யுங்கள். ரேயானை முறுக்கவே கூடாது. பருத்தி நூல் நனைந்தால் பலம் கூடும். ரேயான் நனைந்தால் பலத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

முதன்மைத் துணியை நனைப்பவர்கள்கூட மறப்பது இரண்டு: பிளவுஸின் பருத்தி லைனிங், புடவையின் ஃபால்ஸ். வெளித்துணி பாலியெஸ்டர் கலந்தது, உள்ளே நனைக்காத காட்டன் லைனிங் என்றால், முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி வெளித்துணி உப்பி நிற்கும். ஃபால்ஸும் அப்படித்தான், புடவையின் அடிப்பக்கம் முழுக்கச் சுருக்கு விழும். அந்தச் சுருக்கு அயர்னில் போகாது, பிரித்துத்தான் தைக்கவேண்டும்.

சாயம் போகுமா என்று பார்க்க, ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து அயர்ன் பெட்டியால் அழுத்துங்கள். கறை இறங்கினால் வெளிர் நிறத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டாம். கல்லுப்புத் தண்ணீர் வைத்தியம் வீட்டுக்கு வீடு உண்டு. உப்பு, சாயம் ஏற்றும்போது உதவும் பொருள். ஏற்கெனவே பிடிக்காமல் நிற்கும் சாயத்தை அது கட்டிப்போடாது.

ஜூலை 21, திங்கள்

பருத்தியில் எதை முதலில் தைப்பது? காடா, அதாவது வெளுக்காத சாதாப் பருத்தித் துணி. விலை குறைவு, வழுக்காது, பிரித்துப் பிரித்துத் தைத்தாலும் தாங்கும். பிளவுஸ் அளவு சரியா என்று வெட்டிப் பார்க்கவும் இதுதான்.

அடுத்து பாப்ளின். பாவில் நூல் நெருக்கமாகவும் ஊடையில் குறைவாகவும் இருப்பதால் குறுக்காக மெல்லிய வரிகள் தெரியும். உள்பாவாடை, பள்ளிச் சட்டை, தலையணை உறை எல்லாம் பழகலாம். 36 அங்குல அகலத்தில் ஆறு பீஸ் பாவாடைக்கு 2 முதல் 2¼ மீட்டர் ஆகும். கேம்பிரிக் இதைவிட மென்மை, குர்திக்கு நன்று. மல்மல், வாயில் இரண்டும் காற்றோட்டமானவை, ஆனால் கத்தரிக்கும்போது நகரும். இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிளவுஸுக்கு நம் ஊரில் எல்லா நிறத்திலும் கிடைக்கும் 2 பை 2 ரூபியாவில் பாவு, ஊடை இரண்டிலும் இரட்டை முறுக்கு நூல். மெல்லியதாக இருந்தும் தையல் பிடிப்பது அதனால்தான்.

நூலின் தடிமனைச் சொல்லும் கவுண்ட் பற்றி அடிக்கடி குழப்பம். 840 கஜம் நீளமுள்ள சிட்டம் (நூல் சுருள்) எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடையோ, அதுதான் கவுண்ட். ஆகவே எண் கூடக் கூட நூல் மெலியும். 20 தடி, 40 நடுத்தரம், 80, 100 சன்னம்.

ஊசி எண்: மல்மல், வாயிலுக்கு 11, பாப்ளின், கேம்பிரிக்குக்கு 14, ஜீன்ஸ், திரைச்சீலைத் துணிக்கு 16 அல்லது 18. வீட்டு மெஷினில் 16-ஐப் போட்டு அதிலேயே எல்லாம் தைப்பதுதான் மெல்லிய துணியில் ஓட்டை விழவும் நூல் இழுபடவும் முதல் காரணம். தையல் நீளம் அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல்.

அகலத்தைக் கேட்காமல் மீட்டர் சொல்லாதீர்கள். முழுக்கைச் சட்டைக்கு 36 அங்குலத் துணி என்றால் சுமார் 2½ மீட்டர். 58 என்றால் 1.6 மீட்டர் போதும்.

ஜூலை 24, வியாழன்

நெருப்புச் சோதனை. ‘பியூர் காட்டன்’ என்று பில்லிலேயே போட்டிருந்தாலும் செய்து பாருங்கள். ஸ்டீல் தட்டில் கொஞ்சம் தண்ணீர், இடுக்கி, மெழுகுவர்த்தி. மின்விசிறி வேண்டாம். பாவிலிருந்து சில நூல், ஊடையிலிருந்து சில நூல் தனித்தனியாக உருவிக் கொளுத்துங்கள். சேர்த்துக் கொளுத்தினால் பாவு ஒன்று, ஊடை வேறொன்று என்ற கலப்பு பிடிபடாது.

பருத்தி சட்டென்று பற்றும், காகிதம் எரியும் வாசனை, தொட்டால் உதிரும் சாம்பல். ரேயானும் அப்படியே எரியும்; இரண்டையும் நெருப்பால் பிரிக்க முடியாது, நனைந்த நூலை இழுத்துப் பாருங்கள், ரேயான் சுலபமாக அறும். பட்டு நெருப்பை விட்டுச் சுருண்டு மெதுவாக எரியும். முடி கருகும் வாசனை. கரும் மணி விரலில் நசுங்கிப் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி, கறுப்புப் புகை விட்டு, நசுக்க முடியாத கெட்டி மணியாகும். ஆறும் முன் தொடாதீர்கள், தோலில் ஒட்டும். காகித வாசனையும் கெட்டி மணியும் சேர்ந்து வந்தால் டெரிகாட்டன், அதாவது பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது.

‘ஆர்ட் சில்க்’ பட்டு இல்லை, ரேயானோ பாலியெஸ்டரோ. புடவையை எரித்துப் பார்க்க மனம் வராதவர்கள், மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்த சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

அயர்ன் சூடும் நாரைப் பொறுத்ததே. பெட்டியில் ஒரு புள்ளி 110 டிகிரி, பாலியெஸ்டருக்கு. இரண்டு புள்ளி 150, பட்டுக்கு. மூன்று புள்ளி 200, பருத்திக்கும் லினனுக்கும். கலப்பு என்றால் அதில் பலவீனமான நாருக்கு எது சரியோ அது.

ஜூலை 29, செவ்வாய்

பனியன் துணி. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது கிலோக் கணக்கில் கிடைக்கும், அதனாலேயே கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 10 செ.மீ. சதுரம் வெட்டி கிராம் தராசில் வைத்து, வரும் எடையை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. 1.8 கிராம் என்றால் 180, டி-ஷர்ட்டுக்குப் பொருத்தம். 150 செ.மீ. அகலத்தில் அது மீட்டருக்கு 270 கிராம், ஆகக் கிலோவுக்கு ஏறத்தாழ 3.7 மீட்டர். 130-க்குக் கீழே போனால் உள்பனியனுக்குத்தான்.

இது நெய்தது இல்லை; ஒரே நூல் கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டு போவது. எனவே பிசிறு வராது, நீளும், அறுந்தால் கண்ணி ஓடும். கூர்மையான சாதா ஊசி கண்ணியைக் குத்தி அறுக்கும். இரண்டு துவைப்புக்குப் பிறகு தையல் ஓரமெல்லாம் சிறு ஓட்டை. பால் பாயின்ட் ஊசி 11 அல்லது 14 வாங்குங்கள். அதன் மழுங்கிய முனை கண்ணிகளை ஒதுக்கிக்கொண்டு போகும். சாதா ஊசி சில இடங்களில் தையலையே பிடிக்காமல் தாண்டுவதும் இங்கேதான் அதிகம். மெஷினில் கோளாறு என்று மெக்கானிக்கைத் தேடும் முன் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

சிங்கிள் ஜெர்சியின் (சாதா டி-ஷர்ட் பின்னல்) வெட்டிய ஓரத்தைக் குறுக்கே இழுத்தால் அது நல்ல பக்கத்தை நோக்கிச் சுருளும். உள்பக்கம் எதுவென்று தெரியாதபோது இதுவே வழி. இன்டர்லாக் என்ற பின்னல் சுருளாது, இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். கொஞ்சம் கனம், ஆனால் பழக அதுதான் சுலபம்.

ஜிக்ஜாக் உள்ள மெஷின் என்றால் அகலம் 1 மி.மீ.க்குள், நீளம் 2.5. கால் மிதி கறுப்பு மெஷினில் நேர்த்தையல் மட்டுமே. அப்போது பாலியெஸ்டர் நூல் போட்டு, ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை லேசாக விறைப்பாகப் பிடித்தபடி தையுங்கள். பருத்தி நூல் போட்டால் தலை நுழைக்கும்போதே படபடவென்று அறும். அதிகமாக இழுத்தாலும் கெடுதல்தான், ஓரம் அலை அலையாக நிற்கும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜார்ஜெட், ஷிஃபான். மேசையில் நிற்காமல் ஓடுவதால் அடியிலும் மேலும் செய்தித்தாள் வைத்து, மூன்றையும் சேர்த்துப் பின் குத்தி வெட்டுங்கள். ஊசி 9 அல்லது 11, புதிது. தைக்கத் தொடங்கும்போது மெஷின் துணியை உள்ளே விழுங்கப் பார்க்கும். இரண்டு நூல் முனையையும் பின்னால் பிடித்துக்கொண்டு, துணிக்கு அடியில் ஒரு காகிதத் துண்டு வைத்து ஆரம்பியுங்கள். காகிதத்தைப் பிறகு கிழித்துவிடலாம்.

ஓவர்லாக் (பிசிறு வராமல் ஓரத்தில் போடும் தையல்) வெளியே தெரியும் என்பதால் பிரெஞ்ச் தையல் நல்லது. முதலில் உள்பக்கங்களைச் சேர்த்து 6 மி.மீ.யில் ஒரு தையல். ஓரத்தை 3 மி.மீ.க்கு வெட்டி, திருப்பி, நல்ல பக்கங்கள் சேர 6 மி.மீ.யில் இன்னொன்று. பிசிறு உள்ளே அடங்கிவிடும். குடை கட் என்றால் அடி மடிப்பதற்கு முன் ஒரு நாள் தொங்கவிடுங்கள். கிராஸ் பகுதி மட்டும் கீழிறங்கும், அதைச் சமப்படுத்திவிட்டு மடியுங்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெல்வெட் தைக்கலாமா என்று கேட்கிறார்கள். முதல் ஆண்டில் வேண்டாம் என்பதுதான் பதில். அவசியம் என்றால்: கையால் தடவி ரோமம் படியும் திசையைப் பார்த்து அம்புக்குறி போடுங்கள், எல்லாத் துண்டும் அதே திசையில் வெட்டவேண்டும். ஒன்று திரும்பினாலும் வேறு நிறம் போலத் தெரியும். இதற்காகவே துணி ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கவேண்டியிருக்கும். அயர்ன் பெட்டியை நல்ல பக்கத்தில் வைக்கக் கூடாது. தடித்த துண்டின்மேல் முகம் கீழாகப் போட்டு, பெட்டியை அழுத்தாமல் ஆவி மட்டும் காட்டுங்கள்.