முதல் இரண்டு வாரம்: அமெரிக்கக் கல்லூரி மேடையில் இடம் பிடிக்க

நம்மூரில் ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பேர் கொடுத்தாலும் ஒரு இடம் கிடைத்துவிடும். அமெரிக்கக் கல்லூரிகளில் அப்படி இல்லை. ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கினால், இலையுதிர் பருவத்து நாடகம், காயர் (பலர் சேர்ந்து பாடும் குழு), ஆர்கெஸ்ட்ரா, நடனக் குழு ஆகியவற்றின் ஆடிஷன்கள் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே முடிந்துவிடும். புதிதாக வந்தவர்கள் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, மெத்தை என்று அலைவதும் அதே இரண்டு வாரம்தான். ஊரில் இருக்கும்போதே துறையின் இணையதளத்தில் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாடகத்துக்கு ஒன்றிரண்டு நிமிட வசனம் ஒன்றை மனப்பாடமாகப் பேசிக் காட்டச் சொல்வார்கள். உச்சரிப்புக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம்; நம்மவர்களைக் கெடுப்பது பெரும்பாலும் வேகம்தான். பாட்டும் நடனமும் கலந்த நாடகமான மியூசிக்கல் என்றால் பாட்டில் 16 அல்லது 32 பார் (தாளத்தின் சிறு கட்டம்) மட்டும் கேட்பார்கள். பியானோக்காரருக்கு உங்கள் கட்டையில் (சுருதியில்) எழுதிய மேற்கத்திய நொட்டேஷன் தாளை, தொடங்கும் இடமும் நிறுத்தும் இடமும் குறித்துக் கொடுக்க வேண்டும். ‘அரைக்கட்டை இறக்கி வாசியுங்கள்’ என்று அங்கே போய்க் கேட்பது அவரைச் சோதிப்பது போலாகும்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்குக் காயர் நல்ல வாசல். ஆடிஷன் இல்லாத காயரும் பல கல்லூரிகளில் உண்டு. சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஒன்று கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது: நாலு குரல் சேர்ந்து நிற்கும் இடத்தில் ஒருவர் காந்தாரத்தை அசைத்தாலும் சேர்க்கை கலங்கிவிடும், அசையாமல் பிடித்து நில்லுங்கள் என்பார் நடத்துநர். இன்னொன்று சட்ஜம், அதாவது ஆதார சுரமான ‘ச’. நாம் கச்சேரி முழுக்க ஒரே ஆதார சுருதியில் நிற்பவர்கள். அங்கே பாட்டின் நடுவிலேயே ஆதாரம் இடம் மாறும். மனசுக்குள் பழைய சட்ஜத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் வழி தவறும். பக்கத்தில் பாடும் குரலைக் கேட்டு இடைவெளியைப் பிடியுங்கள். நொட்டேஷன் படிக்க வராதவர்கள், தங்கள் குரலுக்கான வரியைப் பியானோவில் ஒருவர் வாசிக்கப் பதிவு செய்து பழகலாம். பென்சில் இல்லாமல் ஒத்திகைக்குப் போகாதீர்கள்.

ஆடிஷனைத் தவறவிட்டவர்களுக்கு மேடைக்குப் பின்பக்கம் இருக்கிறது. செட் அடிக்கும் பட்டறை, உடைப் பிரிவு, விளக்கு, டிக்கெட் கவுண்டர் எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படும். எங்களைக் கேட்டால், நட்பு சீக்கிரம் ஒட்டுவது இங்கேதான். இவற்றில் சில, சம்பள வேலைகள். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வந்தவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். சம்பளத்துக்கு, அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். பட்டறையில் செருப்போடு நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், விரல் மூடிய ஷூ கட்டாயம். காட்சியின்போது உடை முழுக்கக் கறுப்பு. மேடை மேலாளர் ‘ஐந்து நிமிடம்’ என்று குரல் கொடுத்தால் ‘தேங்க்யூ, ஃபைவ்’ என்று பதில் சொல்ல வேண்டும், அது காதில் விழுந்ததற்கு அடையாளம்.

அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் ‘டெக் வீக்’. விளக்கும் ஒலியும் மாறும் ஒவ்வொரு இடத்தையும் நிறுத்தி நிறுத்திச் சரிபார்ப்பார்கள். வார இறுதியில் நாள் முழுக்கவே போகும். அந்த வாரத்துக்கான அசைன்மென்ட்டை முன்பே முடித்துவிடுங்கள். ஒத்திகை முடிவதற்குள் உணவுக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்பதால் கையில் டப்பா இருக்கட்டும். கடைசிக் காட்சி முடிந்த கையோடு ‘ஸ்ட்ரைக்’ தொடங்கும். வேலைநிறுத்தம் அல்ல, செட்டைப் பிரித்துப் போடுவது. கதாநாயகனும் ஸ்க்ரூ கழற்றுவார். நழுவியவர்கள் யாரென்று அடுத்த முறை நினைவில் இருக்கும்.

வசந்த காலத்தில் இந்திய மாணவர் சங்க நிகழ்ச்சிகளில் பரதம் ஆடுபவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது தரையை. கான்கிரீட் மேல் நேரடியாக விரித்த வினைல் விரிப்பில் தட்டடவு (பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் அடவு) போட்டால் முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பு வலி நிச்சயம். அடியில் துள்ளும் மரத்தளம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த வினைலில், காலில் பூசும் சிவப்புச் சாயமான அல்தாவின் கறை போகாது. நன்றாகக் காயவிட்டு, பவுடர் போட்டு ஒற்றிய பிறகே மேடையேறுங்கள். குத்துவிளக்குக்கு நிஜச் சுடர் வேண்டுமென்றால் தீயணைப்பு அனுமதி வேண்டும், பேட்டரி விளக்கே சுலபம். வீணை, மிருதங்கம் வைத்திருப்பவர்கள் ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம். குளிர்காலக் காற்று காய்ந்து மரம் வெடிக்கும், தோல் இறுகி சுருதி ஏறும். அறைக்கு, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கி, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும்.