புரோட்டீன் பாடம்: பாயா சட்டியிலிருந்து சி-பெப்டைடு வரை

ராயபுரத்தில் வாங்கிய ஆட்டுக்கால் பாயா மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டியாகியிருக்கும். அடுப்பில் ஏற்றினால் மறுபடி தண்ணீராகும். எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரோட்டீனின் பாடத்தில் பாதி அந்தச் சட்டியிலேயே இருக்கிறது.

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர்களோ, நர்சிங், டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படிப்பவர்களோ, பயோகெமிஸ்ட்ரி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: "சரி, அதனால் நோயாளிக்கு என்ன ஆகும்?" புரோட்டீனின் நான்கு நிலை அமைப்பையும் கடகடவென ஒப்பித்தவர்கள்கூட இங்கே முழிப்பார்கள். எனவே எந்தப் புரோட்டீனை எடுத்தாலும் மூன்றைச் சேர்த்தே படியுங்கள்: எந்த அமினோ அமிலம் எங்கே இருக்கிறது, அங்கே அதற்கு என்ன வேலை, அது மாறினால் எது கெடுகிறது.

கொலாஜனிலேயே பாருங்கள். காசிமேட்டுப் படகுக் கயிறு போல மூன்று இழை முறுக்கு. முறுக்கின் நடுவில் இடமே இல்லை. பக்கச் சங்கிலியாக ஒரே ஹைட்ரஜன் உள்ள கிளைசின்தான் அங்கே பொருந்தும். அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். அந்த இடத்தில் வேறொன்று வந்தால் எலும்பு எளிதில் முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா நோய் வரும். புரோலினை ஹைட்ராக்சிபுரோலின் ஆக்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் முறுக்கு தளர்ந்து, ஸ்கர்வி நோயில் ஈறில் ரத்தம் கசியும். நெடுநேரம் கொதித்தால் இழைகள் பிரிந்து ஜெலட்டின் ஆகும், ஆறினால் ஓரளவு திரும்ப முறுக்கிக்கொள்ளும். பாயா கட்டியாவது இதனால்தான். இந்த முறுக்கை 1954-இல் விளக்கியவர்கள் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். விடையில் ஒரு வரி எழுதலாம்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது இன்சுலினுக்கு. இன்சுலினாக வெட்டப்படுவதற்கு முந்தைய வடிவமான புரோஇன்சுலினில் 86 அமினோ அமிலங்கள். அதில் 31 உள்ள, நடுவிலிருந்து வெட்டி எடுக்கப்படும் துண்டான சி-பெப்டைடும், வெட்டும் இடங்களிலுள்ள 4-ம் போனால் மிச்சம் 51. ஏ சங்கிலி 21, பி சங்கிலி 30. இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தால் எண்கள் மறக்காது. சங்கிலிகளுக்கு இடையே இரண்டு டைசல்ஃபைடு பிணைப்பு, ஏ சங்கிலிக்குள்ளேயே ஒன்று. கணையம் ஒரு இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைடு என்றே விடுகிறது. ஊசி மருந்தில் சி-பெப்டைடு கிடையாது. ஆகவே சர்க்கரை தாழ்ந்து மயங்கியவரிடம் இன்சுலின் அதிகமாகவும் சி-பெப்டைடு குறைவாகவும் இருந்தால், அந்த இன்சுலின் ஊசியில் வந்தது. இரண்டுமே அதிகமென்றால் இன்சுலினோமாவை (இன்சுலின் சுரக்கும் கணையக் கட்டியை) நினைக்கலாம். ஆனால் கணையத்தை இன்சுலின் விடத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா சர்க்கரை மாத்திரையும் இதே படத்தைக் காட்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். அரை மார்க் போவது அங்கேதான்.

சிக்கிள் செல் நோயில் உள்ள ஹீமோகுளோபின் எஸ் பற்றி நீட்ட வேண்டாம்: பீட்டா சங்கிலி 6-ஆம் இடத்தில் குளுட்டமேட் போய் வேலின். ஆனால் ஆக்சிஜனை விட்ட நிலையில்தான் அது ஒன்றோடொன்று ஒட்டி நாராகிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ஆக்சிடோசின், வாசோபிரெசின் ஹார்மோன்கள் இரண்டிலும் 9 அமினோ அமிலங்கள். வித்தியாசம் 3, 8 ஆகிய இரண்டே இடங்கள்.

பிராக்டிகலில் புரோட்டீனைக் கண்டறியும் பையூரெட் சோதனைதான் அதிகம் சொதப்பும். 2 மி.லி. புரோட்டீன் கரைசல், 2 மி.லி. 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, பிறகு 1 சதவீத காப்பர் சல்ஃபேட் 2 சொட்டு. ஊதா வரும். நிறம் போதவில்லையே என்று காப்பரை ஊற்றினால் அதன் நீலம் ஊதாவை மூடிவிடும். குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்பு வேண்டும், ஒரே பிணைப்புள்ள டைபெப்டைடில் நிறம் வராது. ஜெலட்டினில் ஊதா நன்றாகவே வரும். டிரிப்டோஃபனுக்கான ஆல்டிஹைடு சோதனையில் மட்டும் வளையம் வராது, அதில் டிரிப்டோஃபன் இல்லை. தவறு செய்துவிட்டோமோ என்று திரும்பச் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

சிறுநீரில் புரோட்டீன் தேடும் சோதனையில் டியூபை முக்கால் நிரப்பி மேல்பாதியை மட்டும் சூடாக்குங்கள். கலங்கியதா என்று கீழ்ப்பாதியோடு ஒப்பிட வேண்டும். கலங்கினால் உடனே 'ஆல்புமின்' என்று எழுதாதீர்கள், பாஸ்ஃபேட்டும் கலங்கும். நீர்த்த அசிட்டிக் அமிலம் சில சொட்டு விடுங்கள். தெளிந்தால் பாஸ்ஃபேட், நின்றால் புரோட்டீன். 40 முதல் 60 டிகிரியில் கலங்கி, கொதிக்கும்போது தெளிந்து, ஆறியதும் திரும்பக் கலங்கினால் அது பென்ஸ் ஜோன்ஸ் புரோட்டீன். அடுத்த கேள்வி மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில்தான் வரும்.