வூகானில் சாமந்தி தீர்ந்துபோன புத்தாண்டு

2021 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு வந்தபோது, முந்தைய வருடம் கொரோனாவில் பலரைப் பறிகொடுத்த வூகான் நகரத்தின் பூக்கடைகளில் சாமந்திப்பூ தீர்ந்துபோனது. சீனாவில் சாமந்தி இழவுக்கான பூ. கடந்த வருடத்தில் யார் வீட்டில் சாவு விழுந்ததோ அந்த வீட்டுக்குப் புத்தாண்டில் முதல் வேலையாகப் போய், பூ வைத்து ஊதுபத்தி ஏற்றிவிட்டு வருவது அந்த ஊர் வழக்கம். அந்த வருடம் அப்படிப் போக வேண்டிய வீடுகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முந்தைய வருடம் ஜனவரி 23 அன்று ஊரை அடைத்தார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் அரசு உத்தரவு வந்தது: கொரோனாவில் இறந்தவரின் உடல் நேராக அருகிலுள்ள எரியூட்டும் இடத்துக்கு, சடங்கு எதுவும் கூடாது. சீன மரபிலோ மூச்சு நின்ற பிறகுதான் பிள்ளையின் வேலையே தொடங்குகிறது. ராத்திரி கண்விழித்து உடலருகே இருக்க வேண்டும், வெள்ளை உடுத்த வேண்டும், போகிற இடத்தில் செலவுக்கு ஆகட்டும் என்று காகிதப் பணம் எரிக்க வேண்டும், ஏழாம் நாள் ஆவி வீட்டுக்கு வரும் என்று சாப்பாடு எடுத்துவைக்க வேண்டும், அப்புறம் ஏழு ஏழு நாளாக 49 நாள் வரை. இதெல்லாம் பெற்றவர்களுக்குப் பட்ட கடன். அதைச் செய்ய விடாமல் தடுத்தால் மிஞ்சுவது துக்கம் மட்டுமல்ல, அப்பாவை அனாதையாக அனுப்பிவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியும்தான்.

மார்ச் கடைசியில் அஸ்தியைத் தரத் தொடங்கினார்கள். வூகானின் ஹான்கோவ் பகுதியில் உள்ள எரியூட்டும் இடத்தின் வாசலில் நீண்ட வரிசை. அதிலும் தனியாகப் போக முடியாது, அலுவலகத்திலிருந்தோ குடியிருப்புக் குழுவிலிருந்தோ ஒருவர் கூடவே வருவார். என்னை உலுக்கிய விஷயம் இதுதான். அம்மாவின் சாம்பலைக் கையில் வாங்கும்போது பக்கத்தில் அப்படி ஒரு ஆள் நின்றால், வாய்விட்டு எப்படி அழுவது?

ஏப்ரல் 4, முன்னோர் கல்லறையைப் பெருக்கித் துடைக்கும் சிங்மிங் நாள். காலை பத்து மணிக்கு நாடே மூன்று நிமிடம் நின்றது, சைரனும் கார் ஹாரனும் ஒலித்தன. ஆனால் வூகான்காரர்கள் கல்லறைக்குப் போகத் தடை. நாடு மொத்தமாக அழுவது வேறு, என் அப்பாவுக்கு நான் ஒரு ஊதுபத்தி ஏற்றுவது வேறு. முதலாவது இரண்டாவதுக்கு ஈடாகவே ஆகாது.

சரி, ஆற்றாமையை எங்கே கொட்டுவது? நோய் பரவுவதை முன்பே சொல்லிப் போலீஸ் எச்சரிக்கைக்கு ஆளான மருத்துவர் லீ வென்லியாங் பிப்ரவரி 7 அன்று அதே நோயில் இறந்தார். சீனர்களின் சமூக ஊடகமான வெய்போவில் அவர் கடைசியாக எழுதிய பதிவின் கீழே மக்கள் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், பத்து லட்சத்துக்கும் மேல். பெரிய பெரிய விஷயமெல்லாம் இல்லை: காலை வணக்கம் டாக்டர், இன்றைக்கு இங்கே மழை, எனக்கு வேலை கிடைத்துவிட்டது.