பீடம் அசையவே இல்லை

சிறு வயதில் எனக்குக் காய்ச்சல் முற்றியபோது அம்மா நேர்ந்துகொண்டது, வேளாங்கண்ணி மணற்பாதையை முழந்தாளிட்டுக் கடப்பதாக. இப்போது அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. அந்தக் கடனை அடைக்க நான் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அறைத் தரகர்கள் பையைப் பிடித்து இழுத்தார்கள். அதையாவது பொறுக்கலாம். முழந்தாளில் ஊர்ந்து வருகிறவர்களின் எதிரே மெழுகுவர்த்திக் கட்டை நீட்டி விலை பேசுவதை எப்படிப் பொறுப்பது? வேண்டுதலோடு வருகிறவர்களை வழிமறிக்கக் கூடாது என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

மாதா குளத்துப் பக்கமிருந்து தொடங்கினேன். மணல் கொதித்தது. பாதி வழியில் தோல் உரிந்தது. அதன்பின் ஜெபமாலை மணிகள் மட்டுமே நினைவிருக்கின்றன.

வரிசையில் நசுங்கி, பீடத்தின் முன் நின்றபோது அன்னையின் முகத்தைவிட முதலில் கண்ணில் பட்டவை சுற்றிலும் பதித்திருந்த பீங்கான் தட்டுகள். நடுத்திட்டு என்ற இடத்தில் மோர்க்காரச் சிறுவனுக்கு அன்னை காட்சி கொடுத்த பிறகு அங்கே எழுந்தது ஓலைக் கூரைதான். சீனாவின் மக்காவுவிலிருந்து இலங்கைக்குப் போன போர்த்துகீசிய மாலுமிகள் புயலில் தப்பி, அன்னையின் பிறந்தநாளான செப்டம்பர் 8 அன்று இங்கே கரையேறினார்கள். அவர்கள் கட்டிய கோயில் 24 அடி நீளம், 12 அடி அகலம், அவ்வளவுதான். திரும்ப வந்தபோது கொடுத்தவை இந்தத் தட்டுகள். உயிர் பிழைத்தவன் வெறுங்கையோடு வருவானா?

1771இல் வேளாங்கண்ணி நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து, தனக்கென்று குருவானவர் உள்ள தனிப் பங்கானது. 1933இல் கோயிலின் இருபுறமும் இறக்கைகள்போல் புதுப் பகுதிகளை எழுப்பினார்கள். 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் பேராலயமாக உயர்த்தினார். அதுவும் போதாமல் 1975இல் பின்புறம் இரண்டடுக்காக நீண்டது. இத்தனை இடிப்பிலும் கட்டலிலும் 1933இல் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: அன்னையின் சுரூபத்தை, அதாவது சிலையை, பீடத்திலிருந்து எடுக்காமலேயே சுற்றிலும் வேலை நடத்தியிருக்கிறார்கள். தாய் இருந்த இடத்திலேயே இருந்தாள், பிள்ளைகள் பெருகப் பெருக வீடுதான் விரிந்தது.

"நகருங்கள், நகருங்கள்" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். கேட்க நினைத்திருந்த ஒன்றையும் கேட்கவில்லை. ஆரோக்கியத் தாயே, நன்றி, நன்றி என்பதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை. என் உயிருக்காக, அம்மாவின் விசுவாசத்திற்காக, அந்த முதல் ஓலையை வேய்ந்தவர்களுக்காக, சுரூபத்தைத் தொடாமல் சுவர் எழுப்பிய கொத்தனார்களுக்காக, எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.